பெருத்த பதிவுக் கோப்பைத் தேதிவாரியாகக் குறைத்தல்

முடிச்சுகளிட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்துள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு ஓடின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவது பழைய மாலுமிகளின் வழக்கம். அம்மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். அவ்வாறு அறிந்த வேகத்தை நாள்தோறும் எழுதிவைத்த ஏட்டுக்கும் நாளடைவில் அப்பெயரே வழங்கலாயிற்று. இன்று யூனிக்ஸ் வகைச் சர்வர்கள் தம் செயல்களைத் தாமே வரிவரியாக எழுதிவைக்கும் கோப்புக்கும் அதுவே பெயர். இக்கட்டுரையில் அதனைப் ‘பதிவுக் கோப்பு’ என்போம். ‘பதிவேடு’ என்பது இன்னும் இனிய சொல்லே. ஆயினும் வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு முதலியவற்றோடு மயங்குமாதலின் அதனை விடுத்தோம்.

கப்பலின் ஏட்டில் பக்கம் தீர்ந்தால் அதனை மூடிவிட்டுப் புது ஏடு திறப்பர். சர்வரின் பதிவுக் கோப்புக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்றில்லை. வட்டில் இடம் உள்ளவரை அது வளரும். இடம் தீர்ந்த நாளன்று, அதே வட்டை நம்பியிருக்கும் பிற வேலைகளும் அதனோடு நின்றுவிடும். ஒரு மாவட்டத்தின் மழைமானிகளிலிருந்து கால்மணிக்கொரு முறை வரும் அளவுகளைச் சேர்த்துவைக்கும் சர்வர் ஒன்றை எண்ணிப்பாருங்கள். நள்ளிரவில் அதன் வட்டு நிரம்பிவிட்டது எனின், மழை பெய்துகொண்டுதான் இருக்கும். மானியும் அளந்துகொண்டுதான் இருக்கும். அளவைப் பெற்றுக்கொள்ள வேண்டிய சர்வர் மட்டும் எழுத இடமின்றி அதனைக் கைவிட்டுவிடும். வட்டை அடைத்துக்கொண்டது யாதென்று காலையில் ஆராய்ந்தால், தான் நலமாயிருப்பதாகச் சர்வர் இடைவிடாது எழுதிவந்த வரிகளே என்பது தெரியவரும்.

இத்தகைய வேளையில் பொறுப்பிலிருப்பவர் பதற்றத்தில் செய்யும் முதற்காரியம் பெரும்பாலும் தவறாகவே அமைகின்றது. கோப்பை முழுதும் அழித்துவிடுவார்; இடம் மீளாது. அல்லது பழைய வரிகளை மட்டும் நீக்க முயன்று, புதிய வரிகளையும் சேர்த்து இழப்பார். பழையதை நீக்கிப் புதியதை வைத்துக்கொள்ளுதல் என்பது சொல்லுக்கு எளிது. ஆயினும் பழையது எது என்பதைத் தேதியே காட்டவேண்டும். அத்தேதியை எழுதும் முறையோ பலவாறாக உள்ளது. மேலும், வெட்டப்படும் கோப்பு மேசைமேல் கிடக்கும் தாள் அன்று. வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாம் கத்தரிக்க முயலும் தாள்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழெழுத்தில் தருகின்றோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்கவேண்டும் என்பதை ஊழியர்கள் அறிவர்.

பெருகும் கணக்கு

ஒரு வரிக்கு 120 பைட் என்றும், நொடிக்கு 10 வரி என்றும் கொள்வோம். நாளொன்றுக்கு 86,400 நொடி. பெருக்கினால் 10,36,80,000 பைட் ஆகின்றது. 180 நாளில் அது 1,866 கோடி பைட்டைத் தாண்டும். அதாவது ஏறத்தாழ 18.7 கிகாபைட். பதிவுகளுக்கென 20 கிகாபைட் ஒதுக்கிய வட்டுப் பகுதி ஆறு மாதம் தாங்கும் என்பது இக்கணக்கு. ஆனால் எங்கோ ஒரு கம்பி தளர்ந்து, ஒரு நிரல் நொடிக்கு 1,000 வரி வீதம் அதே முறையீட்டைத் திரும்பத்திரும்ப எழுதத் தொடங்கினால், ஆறு மாத இடமும் இரண்டே நாளில் தீர்ந்துபோம். ஆசிரியர்கள் இதனைப் பெருக்கல் கணக்காகவே வகுப்பில் கொடுக்கலாம்.

ஆகவே வெட்டுவதற்குமுன் எந்தக் கோப்பு பெருத்தது, ஏன் பெருத்தது என்பதை அறிதல் வேண்டும். பதிவுக் கோப்புகள் பொதுவாக ‘வார்’ என்னும் அடைவின் உள்ளே ‘லாக்’ என்னும் அடைவில் இருக்கும். ரெட்ஹாட் வகையில் பொதுப் பதிவுக் கோப்புக்கு ‘மெசேஜஸ்’ என்றும், டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘சிஸ்லாக்’ என்றும் பெயர். ‘டிஎஃப்’ கட்டளை வட்டில் மிஞ்சிய இடத்தைக் காட்டும். ‘டியூ’ கட்டளை ஒவ்வொரு கோப்பும் கொண்ட இடத்தைக் காட்டும். ‘டெயில்’ கட்டளை கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும். கடைசி நூறு வரிகளும் ஒரே வரியாக இருப்பின், கத்தரிக்கோலைத் தேடுவதற்குமுன் அந்த நிரலைக் கவனிப்பதே முறை. இன்று வெட்டிய இடத்தை நாளை மறுநாள் அது மீண்டும் நிரப்பிவிடும்.

இங்கு ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிடலாம். ‘ஈஎக்ஸ்டி’ வகைக் கோப்பமைப்புகளில் வட்டின் 5 விழுக்காடு, வேறு ஏற்பாடு செய்யாவிடின், தலைமைப் பயனருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். எனவே சாதாரண நிரல்கள் இடமில்லை என்று நின்றுவிட்ட பின்னும் தலைமைப் பயனரால் எழுத முடிகின்றது. “நான் எழுதிப்பார்த்தேன், எழுதுகின்றதே” என்று கூறி, குறையை வேறிடத்தில் தேடுவது இதனாலேயே.

அழித்தும் அகலாத இடம்

யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்பு எங்கே உள்ளது, எவ்வளவு பெரிது, யாருக்கு உரியது என்பனவெல்லாம் ‘ஐநோடு’ என்னும் எண்ணிட்ட குறிப்பில் அடங்கியிருக்கும். அடைவில் நாம் காணும் பெயர் அவ்வெண்ணைச் சுட்டும் ஒரு சீட்டே. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது பெயரைக் கொண்டு ஐநோடைக் கண்டுபிடிக்கின்றது. அதன்பின் பெயரை அது நாடுவதில்லை. பிடித்த ஐநோடைப் பிடித்தபடியே எழுதிக்கொண்டிருக்கும்.

வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டதனால் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் மறைந்துவிடுவதில்லை. அதுபோலவே, ‘ஆர்எம்’ கட்டளையால் பதிவுக் கோப்பை நீக்கினால் பெயர் போகும், எழுதும் நிரல் அதனைத் திறந்துவைத்திருக்கும்வரை கோப்பு இருக்கும், இடத்தையும் விடாது, மேலும் வளரவும் செய்யும். ‘டியூ’ கணக்கில் அது வாராது, ஏனெனில் பெயரில்லை. ‘டிஎஃப்’ கணக்கில் வரும், ஏனெனில் இடம் கொண்டிருக்கின்றது. இவ்விரு கட்டளைகளின் விடைகளும் பெரிதும் மாறுபட்டால், பெயரற்ற கோப்பு ஒன்று உள்ளே இருக்கின்றது என்று ஐயுறலாம். ‘எல்எஸ்ஓஎஃப்’ என்னும் கட்டளை, திறந்துள்ள கோப்புகளையும் அவற்றைத் திறந்துவைத்துள்ள நிரல்களையும் பட்டியலிட்டு அதனைக் காட்டிக்கொடுக்கும். அந்நிரலை மூடித் திறந்தாலன்றி இடம் மீளாது.

இதுவரை கூறியது பலரும் அறிந்தது. இனிக் கூறுவது, தேதிவாரியாக வெட்ட முயல்வோர் அடிக்கடி விழும் குழி. ‘செட்’ என்னும் பழைய கருவிக்குக் கோப்பை அதனிடத்திலேயே திருத்தித் தரும் விருப்பம் ஒன்றுண்டு. அதனைக் கொண்டு பழைய தேதியிட்ட வரிகளை நீக்கினால், கண்ணுக்கு வேலை செவ்வனே முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் ‘செட்’ பழைய கோப்பைத் திருத்தவில்லை. வேண்டிய வரிகளைப் புதிய கோப்பொன்றில் எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றது. ஐநோடு மாறிவிட்டது. எழுதும் நிரலோ பெயரிழந்த பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கின்றது. இடமும் மீளவில்லை; அன்றைய பதிவும் நம் கண்ணில் படவில்லை; அந்நிரலை நிறுத்தும் கணத்தில் அதுவரை எழுதிய வரிகளனைத்தும் போய்விடும். பதிவு வராததைக் கண்டு, ‘சர்வர் அமைதியாயிருக்கின்றது’ என்று மகிழ்வதினும் பெரிய ஏமாற்றம் இத்துறையில் இல்லை.

இன்னொரு தவறு இதனினும் விரைவானது. ஒரு கோப்பைப் படித்து, வடிகட்டி, விளைவை அதே கோப்புக்குத் திருப்பிவிடுமாறு கட்டளையிடுவது. கட்டளையைப் பெறும் ‘ஷெல்’, விளைவைக் கொள்ளவேண்டிய கோப்பை முதலிலேயே வெறுமையாக்கித் திறந்துவிடுகின்றது. படிக்கப்புகும் கருவிக்கு எஞ்சுவது வெற்றுக் கோப்பு. 18 கிகாபைட் ஒரு நொடியில் மறையும்.

தேதியின் தடுமாற்றம்

சிஸ்லாக் என்னும் பதிவு முறையை 1980களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், ‘சென்ட்மெயில்’ என்னும் அஞ்சல் நிரலோடு சேர்த்து எரிக் ஆல்மன் அமைத்தார். அம்முறையில் ஒவ்வொரு வரியும் மாதப் பெயரின் மூன்றெழுத்து, நாள், மணி, நிமிடம், நொடி என்று தொடங்கும். ஆண்டு இல்லை. அக்காலத்தில் ஒரு வரி சில வாரங்களுக்குமேல் வாழும் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார் போலும். வழக்கிலிருந்த இவ்வடிவம் 2001இல் ஆர்.எஃப்.சி. 3164 என்னும் இணைய ஆவணத்தில் எழுதிவைக்கப்பட்டது. இன்றும் பல சர்வர்களில் அதுவே காணப்படுகின்றது.

ஆண்டில்லாத தேதியால் விளையும் இடர் ஜனவரியில் புலப்படும். டிசம்பர் 20 என்றுள்ள வரி சென்ற மாதத்ததா, அதற்கும் ஓராண்டு முந்தியதா? கோப்பே விடை கூறாது. கடைசி வரியிலிருந்து பின்னோக்கிச் சென்று, ஜனவரிக்குமுன் டிசம்பர் வரும் ஒவ்வோரிடத்திலும் ஆண்டை ஒன்று குறைத்துக்கொள்வது ஒரு வழி.

மாதப் பெயரால் வரும் இடர் வேறு. கணினி இரு தேதிகளை ஒப்பிடும்போது எழுத்தெழுத்தாகவே ஒப்பிடுகின்றது. ஆங்கில அகரவரிசையில் மாதங்களை அடுக்கினால் ஏப்ரல் முதலில் வரும்; ஆகஸ்டு, டிசம்பர், பிப்ரவரி, ஜனவரி என்று தொடர்ந்து செப்டம்பரில் முடியும். ‘மார்ச்சுக்கு முந்திய வரிகளை நீக்குக’ என்று எழுத்தொப்பீட்டால் கட்டளையிட்டால், அகரவரிசையில் மார்ச்சுக்கு முன்னிற்கும் ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகியவையும் நீங்கிவிடும். ஆகவே மாதப் பெயர்களை 1 முதல் 12 வரை எண்ணாக மாற்றிக்கொண்ட பின்னரே ஒப்பிடவேண்டும். ஒற்றை இலக்க நாளுக்குமுன் சுழியம் இராது, இன்னொரு வெற்றிடமே இருக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஜூலை 5 ஐத் தேடுவோர் மாதத்துக்கும் நாளுக்கும் இடையே ஒரு வெற்றிடம் மட்டும் விட்டுத் தேடினால், கோப்பில் அந்நாளே இல்லை என்ற விடை வரும்.

அப்பாச்சி என்னும் வலைச் சர்வரின் வருகைப் பதிவில் நாள் முதலிலும், மாதப் பெயர் அடுத்தும், ஆண்டு அதன்பின்னும் சதுர அடைப்பினுள் வரும். அதனை எழுத்தாக ஒப்பிட்டால் எல்லா மாதங்களின் ஒன்றாந்தேதிகளும் ஒருங்கே நிற்கும்.

2009இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5424 இக்குறைகளைக் களைந்தது. அதன்படி ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு, பின் நேரம், அதன்பின் உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு வேறுபாடு என்னும் குறி. பேரலகு முன்னும் சிற்றலகு பின்னுமாக, ஒவ்வொன்றும் மாறாத அகலத்தோடு அமைந்திருப்பதால், 2024-07-05 என்பதையும் 2024-11-20 என்பதையும் எழுத்தாக ஒப்பிட்டாலும் காலவரிசையே கிடைக்கும். நம் பள்ளிகளில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதியே பழகிய மாணவர்க்கு, இவ்வரிசை ஏன் தலைகீழானது என்பதை இவ்வெடுத்துக்காட்டால் விளக்கலாம். புதிதாகச் சர்வர் அமைப்போர் இவ்வடிவத்தையே தெரிந்துகொள்வாராக. வெட்டும் வேலையில் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நேரமண்டலம் பற்றிக் கள ஊழியர்களுக்கு மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிகின்றது என்றும், அஃது உலகப் பொது நேரப்படி 3 மணி என்றும் அவர்கள் அறிவர். அதே ஐந்தரை மணி வேறுபாடு பதிவுக் கோப்பிலும் உண்டு. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்திலேயே எழுதுகின்றன. நம் நாட்டில் ஜூலை 1 அதிகாலை 4 மணிக்கு நிகழ்ந்தது அவற்றில் ஜூன் 30, 22.30 மணி என்று பதிவாகும். ஜூலை முதல் தேதிக்கு முந்தியவை வேண்டா என்று வெட்டினால், நம் கணக்கில் ஜூலை 1இன் முதல் ஐந்தரை மணி நேரமும் போய்விடும். இதனால் எல்லைத் தேதியை ஒருநாள் முன்தள்ளி வைத்துக்கொள்வது நலம். ஒருநாள் வரிகள் கூடுதலாக இருப்பதனால் கேடில்லை.

இவற்றையெல்லாம் கண்டு அஞ்சிய சிலர், கோப்பின் தேதியையே நம்பலாமே என்பர். கோப்பு கடைசியாக எழுதப்பட்ட நேரத்தை, 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணிய நொடிகளாக யூனிக்ஸ் குறித்துவைப்பது உண்மையே. ‘ஃபைண்ட்’ கட்டளை அதனைக் கொண்டு பழைய கோப்புகளைத் தேடித்தரும். ஆயின் இடைவிடாது எழுதப்படும் கோப்புக்கு அத்தேதி என்றும் இன்றைய தேதியே. எழுதி முடித்து ஒதுக்கிய கோப்புகளைக் களையவே அது பயன்படும். ஒரே கோப்பின் உள்ளிருக்கும் பழைய வரிகளைப் பற்றி அது யாதும் அறியாது.

வெட்டும் முறை

முதலில் கோப்பை அசையாமற் செய்தல் வேண்டும், பிறகே வெட்டுதல். ‘எம்வி’ கட்டளையால் பதிவுக் கோப்புக்கு வேறு பெயர் சூட்டுக. அதே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றுவதால் ஐநோடு மாறாது. நிரல் இடையூறின்றி அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். வேறு வட்டுப் பகுதிக்கு நகர்த்தினால் அது பெயர் மாற்றமன்று, படியெடுத்து அழித்தலாகும், அதனைச் செய்யலாகாது. பின்னர்ப் பதிவு எழுதும் நிரலுக்கு ‘ஹப்’ என்னும் குறிப்பொலியை அனுப்பினால், அது பழைய கோப்பை மூடி, பழைய பெயரில் புதிய கோப்பைத் திறந்துகொள்ளும். ஆர்சிஸ்லாக் இக்குறிப்பொலியை ஏற்றுக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வருக்கு இதற்குரியது ‘யூஎஸ்ஆர்1’ என்னும் வேறொரு குறிப்பொலி. தனக்கென ஏற்பாடு செய்துகொள்ளாத நிரல் ‘ஹப்’ பெற்றால் முடிந்தே போம். ஆகையால் அந்தந்த நிரலின் கையேட்டைப் பாராது எதனையும் அனுப்பற்க.

இப்போது பெயர் மாறிய பழைய கோப்பில் எவரும் எழுதவில்லை. அதனை ஆற அமர வெட்டலாம். ‘டபிள்யூசி’ கட்டளையால் மொத்த வரிகளை எண்ணிக் குறித்துக்கொள்க. அடுத்து, எல்லைத் தேதியிலோ அதற்குப் பின்னோ உள்ள முதல் வரி எத்தனையாவது வரி என்று காண்க. இதற்குத் தகுந்த கருவி ‘ஆக்’. 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்னும் மூவர் உருவாக்கி, தம் பெயர்களின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக்கினர்.

இவ்விடத்தில் இரண்டு முறைகள் வழக்கில் உள. ஒன்று, ‘இன்ன தேதி தோன்றும் வரிமுதல் இறுதிவரை தருக’ என்று கேட்பது. சர்வர் ஞாயிறன்று அணைக்கப்பட்டிருந்து, எல்லைத் தேதியும் அந்த ஞாயிறாகவே அமைந்தால், அத்தேதியிட்ட வரி ஒன்றும் இராது; விடையாக ஒரு வரியும் வாராது. அவ்வெற்று விடையைப் பழைய கோப்பின் இடத்தில் வைத்தோர் அனைத்தையும் இழந்தனர். மற்றொன்று, வரிக்குவரி தேதியை ஒப்பிட்டுத் தகுந்தவற்றை மட்டும் பொறுக்குவது. சில நிரல்கள் ஒரு பிழையைப் பல வரிகளில் எழுதும். முதல் வரிக்கு மட்டும் தேதியிருக்கும், தொடரும் வரிகளுக்கு இராது. பொறுக்கும் முறையில் அவ்வரிகள் உதிர்ந்துபோம். பிழையின் காரணம் பெரும்பாலும் அத்தொடர் வரிகளிலேதான் இருக்கும்!

ஆதலின் இரண்டையும் இணைத்துக்கொள்வதே யாம் பரிந்துரைப்பது. எல்லைத் தேதிக்குச் சமமான அல்லது பிந்திய தேதியுடைய முதல் வரியை ஒப்பீட்டால் கண்டுபிடிக்கவேண்டும். கண்டபின் ஒப்பிடுவதை நிறுத்தி, அவ்வரிமுதல் யாவற்றையும் அப்படியே கொள்ளவேண்டும். சர்வரின் கடிகாரம் எப்போதாவது பின்னோக்கித் திருத்தப்பட்டு, சில வரிகள் முன்பின்னாக இருப்பினும், அவையும் தம்மிடத்திலேயே தங்கும். முதல் வரியின் எண் கிடைத்ததும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்து வரிகளைக் கண்ணால் பார்த்துவிடுவது நன்று. கடிகாரம் தவறான ஒரு கருவி அனுப்பிய ஒற்றை வரி, பிற்காலத் தேதியோடு நடுவே நின்று நம்மை ஏமாற்றியிருக்கக்கூடும்.

பிறகு கோப்பை அவ்வரி எண்ணில் இரண்டாகப் பிரித்து, இரு பகுதிகளையும் இடமுள்ள வேறு வட்டில் எழுதுக. இரண்டின் வரிகளையும் எண்ணிக் கூட்டினால் முன்னர்க் குறித்த மொத்தம் வரவேண்டும். ஒரு வரி குறைந்தாலும் பழைய கோப்பை நீக்கற்க. கூட்டுத்தொகை பொருந்தியபின், பழைய பகுதியை ‘ஜிஜிப்’ கொண்டு சுருக்குக. பதிவுக் கோப்பில் ஒரே சொற்கள் திரும்பத்திரும்ப வருவதால் அது பெரும்பாலும் பத்திலொரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். சுருக்கிய கோப்பு பழுதின்றி உள்ளதா என்று அதே கருவியால் சோதித்த பின்னரே மூலக் கோப்பை நீக்கலாம். புதிய பகுதியைத் தேதியிட்ட பெயரோடு பதிவு அடைவிலேயே வைத்துக்கொண்டால் போதும். இப்போது எழுதப்பட்டுவரும் கோப்போடு ஒட்டவேண்டுவதில்லை.

கோப்பை மூடித் திறக்க அறியாத நிரல்களும் உள்ளன. அவற்றுக்கு, வேண்டிய வரிகளை வேறிடத்தில் எழுதிவைத்து, அவற்றை மீண்டும் பழைய கோப்பின்மீதே ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஐநோடு மாறாது, ஆனால் இடைப்பட்ட சில நொடிகளில் எழுதப்பட்ட வரிகள் போய்விடும். மேலும், அந்நிரல் கோப்பை ‘இறுதியில் சேர்’ என்னும் முறையில் திறந்திருக்கவேண்டும். இல்லையேல் தான் விட்ட இடத்திலிருந்தே எழுதும்; வெட்டிய இடத்துக்கும் அதற்கும் இடையே வெற்று பைட்டுகளாலான பெரும்பள்ளம் ஒன்று தோன்றும். இயன்றால் நிரலைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுச் செய்வதே இதனினும் நேரிய வழி.

உள்நுழைவுகளைக் குறிக்கும் ‘டபிள்யூடிஎம்பி’, ‘பிடிஎம்பி’ ஆகிய கோப்புகள் வரிகளாலானவை அல்ல. இம்முறை அவற்றுக்குப் பொருந்தாது. சிஸ்டம்டி என்னும் அமைப்பின் ‘ஜர்னல்’ பதிவுகளும் அத்தகையவே. அவற்றைக் காலவாரியாகக் குறைக்க ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையிலேயே வழியுண்டு. எழுதி முடித்து ஒதுக்கப்பட்ட பகுதிகளை மட்டுமே அது நீக்குமாதலின், முதலில் பதிவைச் சுழற்றுமாறு பணித்துப் பின்னர் நீக்குமாறு பணிக்கவேண்டும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது?

இங்குதான் எல்லைத் தேதி நம் விருப்பத்துக்கு உரியதன்று என்பது தெளிவாகின்றது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 70-பி பிரிவின் 6ஆம் உட்பிரிவின்கீழ், ‘செர்ட்-இன்’ எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழு 28-4-2022 அன்று பணிப்புரை ஒன்றை வெளியிட்டது. தனியார் நிறுவனங்களுடன் அரசு அமைப்புகளையும் அது கட்டுப்படுத்தும். தம் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் பதிவுகளைத் தொடர்ந்து உருண்டுவரும் 180 நாட்களுக்குப் பாதுகாத்து வைக்கவேண்டும் என்றும், குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துள் தெரிவிக்கவேண்டும் என்றும் அது கூறுகின்றது. சர்வர்களின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றை ஆதாரமாகக் கொண்ட நேரச் சர்வர்களோடு, இசைந்து ஓடவேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

இவ்வளவு நீண்ட காலம் ஏன் என்று வினவலாம். பூட்டை உடைத்துப் புகும் திருடன் மறுநாளே வெளிப்படுவான். கணினியுள் புகுந்தவன் மாதக்கணக்கில் வெளிப்படாது தங்கியிருத்தல் கூடும். அவன் புகுந்த நாளுக்குச் சாட்சி அன்றைய பதிவின் ஒரு வரியே. இடமில்லை என்று அவ்வரியை நீக்கிவிட்டபின், எவ்வழியாக வந்தான், எவற்றையெல்லாம் தொட்டான் என்பதை எவராலும் கூறவியலாது. ஒரு நிகழ்ச்சியைப் பற்றி விசாரணை நடைபெறும்போது, 180 நாள் கடந்திருந்தாலும் தொடர்புடைய பதிவைத் தொடுதலாகாது.

நாள்தோறும் வெட்டும் வேலையைத் தானே செய்ய ‘லாக்ரொட்டேட்’ என்னும் கருவி பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் உள்ளது. ரெட்ஹாட் நிறுவனத்தில் எரிக் ட்ரோன், பிரஸ்டன் பிரவுன் ஆகியோர் எழுதியது. அது பெயர் மாற்றும், குறிப்பொலி அனுப்பும், சுருக்கும், காலம் கடந்ததை நீக்கும். ஆயின் பல சர்வர்களில் அதன் தொடக்க ஏற்பாடு, வாரம் ஒருமுறை சுழற்றி நான்கு படிகளை வைத்துக்கொள்வது. அதாவது 28 நாள். எவரும் தொடாத சர்வர் ஒவ்வொரு வாரமும் பணிப்புரையை மீறிக்கொண்டிருக்கக்கூடும். மீறுவதற்கு ஓசையும் இராது. வாரச் சுழற்சியாயின் 26 படிகள் வைத்தால் 182 நாள் ஆகும். நாட்சுழற்சியாயின் 180 படிகள். படிகளின் பெயரில் தேதியைச் சேர்க்கும் ஏற்பாட்டையும் இயக்கிவிட்டால், பிறகு தேடுவது எளிது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கோப்பு இன்ன அளவைத் தாண்டினால் காலம் பாராது சுழற்றுக என்றும் அக்கருவிக்குச் சொல்லலாம். கருவி நாளுக்கொருமுறை இயங்குகின்றது என்போம். ஓயாது புலம்பும் நிரல் ஒன்று நாள்தோறும் அவ்வளவைத் தாண்டினால், நாளுக்கொரு படி வீதம் 26 படிகளும் 26 நாளில் தீர்ந்து, 27ஆம் நாள் முதற்படி நீக்கப்படும். ஏட்டில் ஆறு மாதம் என்றிருக்கும். வட்டில் ஒரு மாதமும் இராது. ஆதலின் அளவைக் கொண்டு சுழற்றும் கோப்புகளில், எத்தனை படி என்பதைப் பாராது, மிகப் பழைய படியின் முதல் வரியில் என்ன தேதி உள்ளது என்பதைத் திங்களுக்கொருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

பயிற்சி

கணினி அறையுள்ள பள்ளிகளில் பின்வரும் சோதனையைச் செய்துகாட்டலாம். பயன்பாட்டிலுள்ள சர்வரில் வேண்டா. இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்துகொள்க. முதலாவதில், நொடிக்கொரு முறை தேதியையும் நேரத்தையும் எழுதும் சுழல் ஒன்றை இயக்கி, விளைவைச் சோதனைக் கோப்பொன்றின் இறுதியில் சேருமாறு திருப்பிவிடுக. திருப்பும் குறி சுழலுக்கு வெளியே, இறுதியில் இருக்கவேண்டும். இரண்டாம் சாளரத்தில் ‘எல்எஸ்’ கட்டளையால் அக்கோப்பின் ஐநோடு எண்ணைப் பார்த்து மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் ‘செட்’ கொண்டு முதல் ஐந்து வரிகளை அவ்விடத்திலேயே நீக்குக. மீண்டும் எண்ணைப் பார்த்தால் அது மாறியிருக்கும். கோப்பின் வரிகளை எண்ணினால், முதற்சாளரத்தில் சுழல் ஓடிக்கொண்டிருந்தும், எண்ணிக்கை உயராது நிற்கும். அடுத்து, திருப்பும் குறியைச் சுழலின் உள்ளே வைத்து அதே சோதனையைச் செய்க. இம்முறை ஒவ்வொரு நொடியும் கோப்பு அதன் பெயரைக் கொண்டு புதிதாகத் திறக்கப்படுவதால், ஐநோடு எண் மாறிய பின்னும் வரிகள் ஏறிக்கொண்டே போகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணத்தை ஆசிரியர் கூறுவதற்குமுன் மாணவர்களே எழுதிக் காட்டுமாறு பணிக்கலாம்.